மெயின்ஸ் தமிழில் எழுதுபவர்கள் முதலில் தங்கள் கையை அளந்துகொள்ளுங்கள்

யூபிஎஸ்சி மெயின்ஸை, அதாவது ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற பணிகளுக்கான முதன்மை எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறேன் என்று சொன்னால், எந்தப் புத்தகம் படிக்கலாம் என்றுதான் எல்லோரும் பேச ஆரம்பிப்பார்கள். உன் கை நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுதும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதல் மாதிரித் தேர்வில் 20 கேள்விக்கு 14தான் முடித்தேன். மீதி ஆறுக்கும் விடை தெரியும், நேரம்தான் இல்லை.

பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 250 மதிப்பெண். முதல் மூன்று தாள்களில் 10 மதிப்பெண் கேள்வி பத்து, 15 மதிப்பெண் கேள்வி பத்து. முதல் வகைக்கு 150 சொல், அடுத்ததற்கு 250. கூட்டினால் 4000 சொல். ஒன்றுக்கு 7 நிமிடம், இன்னொன்றுக்கு 11 நிமிடம் என்று வைத்தால் 180 நிமிடம் சரியாகத் தீர்ந்துவிடும். இது ஊரறிந்த கணக்கு. நான் கோட்டைவிட்டது அந்த 150 என்ற எண்ணில்.

‘நடைமுறைப்படுத்தப்படாததால்’ என்று எழுதிப் பாருங்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். தமிழில் ஒரே சொல், ஆனால் 15 எழுத்து. (கம்ப்யூட்டரைக் கேட்டால் 25 என்று சொல்லும். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும்.) ‘செய்து கொண்டிருக்கிறது’ என்று இடம்விட்டால் இரண்டு சொல், சேர்த்து எழுதினால் ஒன்று. இப்படிப்பட்ட மொழியில் 150 சொல்லை எட்டியே தீருவேன் என்று நின்றால், ஆங்கிலத்தில் எழுதுபவரைவிட அதிகமாகச் சொல்லியிருப்போம், நேரமும் போயிருக்கும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரிந்த தலைப்பு, ஐந்து நிமிடம், நிறுத்தாமல் எழுத்து. எண்ணினால் 90 சொல். அதாவது நிமிடத்துக்கு 18. வரிக்கு 4 சொல், பக்கத்துக்கு 18 வரி. விடைத்தாளில் 10 மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம்தான், என் கையெழுத்தில் 144 சொல்லிலேயே அது நிரம்பிவிடும். ஏழு நிமிடத்தில் கேள்வியைப் படிக்க, யோசிக்க ஒரு நிமிடம் போனால் மிச்சம் ஆறு. ஆறு பதினெட்டு 108. பெரிய கேள்விக்கு இரண்டு நிமிடம் கழித்தால் 162. அன்றிலிருந்து என் இலக்கு 110, 160. அடுத்த தேர்வில் 19 கேள்வி எழுதினேன்.

படிக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். ஆங்கிலத்தில் வாங்கித் தமிழில் யோசிக்க வேண்டும். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ வகைக் கேள்விகளை நான் இரண்டு தடவை படிப்பேன், அரை நிமிடம் ஓடிவிடும். இணையத்தில் ‘வாசிப்பு நேரம் 3 நிமிடம்’ என்று காட்டும் கருவிகள் இதற்கு உதவாது. பெரும்பாலும் ஆங்கில வேகத்தை வைத்துச் சொல்லை வகுத்துத் தருகிறவை அவை.

கட்டாயத் தமிழ்த் தாள் தகுதிக்கு மட்டும்தான், 25 சதவீதம் போதும். ஆனாலும் அதில் 60 மதிப்பெண்ணுக்குச் சுருக்கி எழுதுதல் வரும். மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். முழுப் பத்தியையும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் மூன்று வரியை எண்ணிச் சராசரி எடுத்து, மொத்த வரியால் பெருக்குங்கள். பத்துச் சொல் கூடக்குறைய வரும், பரவாயில்லை. உங்கள் வரிக்கு எத்தனை சொல் என்பது கைவசம் இருந்தால், எந்த வரியில் முடிக்க வேண்டும் என்று முன்பே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடலாம்.

ஸ்மார்ட் வாட்ச்சை உள்ளே விடமாட்டார்கள். முள் உள்ள சாதாரணக் கடிகாரம் ஒன்றை வாங்கி, வீட்டுப் பயிற்சியையும் அதை வைத்தே செய்யுங்கள்.