ராத்திரி இரண்டு மணிக்குப் பல் வலியைத் தேடிய கதை

ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டை விரலால் 'பல் வலி உடனே நிற்க' என்று தட்டினேன். 'பல் வ' வரைக்கும் வந்ததுமே மீதியைப் போன் தானே எழுதிக் கொடுத்துவிட்டது. நம்மைப் போல எத்தனை பேர் இந்த நேரத்தில் முழித்துக் கிடக்கிறார்களோ என்று ஒரு அற்ப ஆறுதல்.

வந்ததெல்லாம் ஒரே நிமிடத்தில் வலியைப் பறக்க வைக்கும் வீடியோக்கள்தான். கிராம்பு எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன், அதிலிருக்கும் யூஜெனால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்பில் அதைச் சேர்ப்பதுண்டு. ஆனால் நான் பஞ்சில் தோய்த்து வைத்ததில் பாதி ஈறில் வழிந்து எரிச்சல் தனியாகச் சேர்ந்துகொண்டது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கச் சொன்னார் ஒருவர். நல்லவேளை, அது ஈறையே புண்ணாக்கிவிடும் என்று அடுத்த பக்கத்தில் கண்ணில் பட்டது.

மூன்று மணி வாக்கில் வெறுத்துப்போய், கேள்வியை மாற்றினேன். எப்படி நிறுத்துவது என்பதை விட்டுவிட்டு, எனக்கு எப்படி வலிக்கிறது என்பதையே அப்படியே எழுதினேன்: 'படுத்தால் பல் வலி ஏன் அதிகமாகிறது'. அப்புறம்தான் உருப்படியாக ஏதோ வந்தது. பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ் இருக்கிறது, சுற்றிலும் கெட்டிச் சுவர், அதனால் வீங்கினால் விரிய இடமே கிடையாது. படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால், உள்ளே இன்னும் நெருக்கடி. சரி என்று இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். விண் விண்ணென்று தெறித்தது போய், விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தது.

அடுத்த தேடலில், ஜில்லென்று பட்டால் கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஓரிரு நொடியில் போய்விட்டால் பற்கூழ் தேறிவிட வாய்ப்புண்டு, அரை நிமிடத்தையும் தாண்டி நின்றால் பெரும்பாலும் ரூட் கேனல்தான், அதாவது பற்கூழை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கிற சிகிச்சை. ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் கொப்பளித்துத் துப்பிவிட்டு எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணத் தைரியமில்லை.

கூடவே பயமும் தேடி வந்தது, தாடை வலியா, மாரடைப்பா என்கிற ரகத்தில். அதில் எனக்கு உதவியது ஒரே ஒரு வரி: முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலடித்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்தேன், எதுவும் இல்லை. டிராயரில் பழைய ஆன்டிபயாடிக் நாலு கிடந்தது. பற்கூழ் அழற்சியை அது சரிசெய்யாது என்று படித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

காலையில் மருத்துவர் "எந்தப் பல்லுங்க?" என்றார். ராத்திரி முழுக்கப் படித்த தெம்பில், கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தியதை விரலால் தொட்டே காட்டினேன். அவர் குளிரூட்டிய பஞ்சை அதில் வைத்தார், சுருக்கென்றது, போய்விட்டது. பக்கத்துப் பல்லும் அப்படியே. அதே பக்கம் மேல்வரிசைக்குப் போனார். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன், பஞ்சை எடுத்த பிறகும் வலி நின்றுகொண்டே இருந்தது. எக்ஸ்ரேயில் பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை கறுப்பாகத் தெரிந்தது. மேல் பல், கீழ் பல் இரண்டின் வலியும் ஒரே முக்கிளை நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறதாம், வலி உள்ளே மட்டும் இருக்கும்போது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போவது சகஜமாம். நான் செய்த சோதனையிலோ தண்ணீர் வாய் முழுக்க ஓடியிருக்கிறது, எந்தப் பல் என்று எப்படித் தெரியும்?

ரூட் கேனல் இரண்டு தடவையில் முடிந்தது, மரத்துப்போக ஊசி போட்டதால் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மூன்று தடவை பஞ்சு மாற்றி மாற்றிக் கிராம்பு எண்ணெய் வைத்ததெல்லாம் ஒரு பாவமும் அறியாத கீழ்ப்பல்லுக்கு.