மறதிநோய்க்கு அழுத்த அறை ஆக்சிஜன்: எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் என்று தெரிந்ததும், உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைச் செய்து பார்த்தீர்களா என்ற கேள்வி எப்படியோ யாராவது ஒருவர் வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. அப்பாவின் நினைவு தளரத் தொடங்கியபோது எங்களுக்கு அது சித்தப்பா வழியாக, ஒரு காணொளியாக வந்தது. அழுத்தம் கூட்டிய, கண்ணாடிக் குழாய் போன்ற அறையில் ஒரு முதியவர் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி படுத்திருக்கிறார். சில வாரங்கள் கழித்துப் பேரக்குழந்தைகளின் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறார். அண்ணன் மேல் உள்ள அன்பால் அனுப்பப்பட்ட ஒன்றை அலட்சியமாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்தவற்றை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். நான் மருத்துவன் அல்லன். ஒரு நோயாளியின் மகன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இது வெறும் ஏமாற்று வேலை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடல்மட்டத்தில் நாம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது, இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும் ஹீமோகுளோபினே சுமக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் நேரடியாகக் கரைந்திருப்பது, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 0.3 மில்லிலிட்டர் என்ற மிகச் சிறிய அளவுதான். ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், அதில் மேலும் ஆக்சிஜனை ஏற்ற இடமில்லை. ஆனால் ஒரு வாயுவின் அழுத்தம் உயர உயர, திரவத்தில் அது கரையும் அளவும் உயரும் என்ற ஹென்றியின் விதிப்படி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால், பிளாஸ்மாவில் கரையும் அளவு ஏறக்குறைய 6 மில்லிலிட்டரை எட்டிவிடும். ஓய்வாக இருக்கும் உடலுக்குச் சிறிது நேரம் அதுவே போதும். நெதர்லாந்து அறுவை மருத்துவர் இட்டே பூரெமா, பன்றிகளின் உடலிலிருந்து இரத்த அணுக்களைக் கிட்டத்தட்ட முழுமையாக நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டே அவற்றை உயிரோடு வைத்திருந்ததை 1960ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆழ்கடலில் மூழ்கி மேலேறுவோருக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆறாத நீரிழிவுப் பாதப்புண், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த திசு போன்றவற்றுக்கு இன்று இந்தச் சிகிச்சை முறையாகவே வழங்கப்படுகிறது.

மறதிநோயைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தாவுகிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதமே இருந்தாலும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதும் உண்மை. எனவே ஆக்சிஜனைக் கூட்டினால் மூளை தெளியும் என்கிறார்கள். கேட்பதற்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இரத்த ஓட்டம் குறைந்ததால் நரம்பணுக்கள் அழிந்தனவா, அல்லது நரம்பணுக்கள் அழிந்து தேவை குறைந்ததால் இரத்த ஓட்டமும் குறைந்ததா என்று கேட்டால், இரண்டும் ஓரளவு உண்மை என்பதுதான் விடை. இணைப்புகள் அறுந்து, புரதங்கள் திரண்டு, இறந்தே போய்விட்ட நரம்பணுவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் பயனில்லை. அதோடு, ஆக்சிஜன் மிகும்போது மூளையின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, வரவைக் கட்டுப்படுத்தவும் செய்கின்றன.

இந்தத் துறையில் இப்போது ஆய்வு செய்பவர்கள் அவ்வளவு எளிமையாகப் பேசுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜனை மிகுதியாக ஏற்றிப் பிறகு இயல்பு நிலைக்கு இறக்கும்போது, அந்த இறக்கத்தையே உடல் ஆக்சிஜன் பற்றாக்குறையாக எடுத்துக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் சமிக்ஞைகளை எழுப்புகிறது என்பது அவர்களுடைய கருதுகோள். அமர்வின் நடுவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றச் சொல்வது ஆக்சிஜன் நச்சைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்ட பழைய வழக்கம். இவர்கள் அதே இடைவெளியைச் சிகிச்சையின் கருவியாகவே பார்க்கிறார்கள். எலிகளில் இதற்குச் சான்றுகளும் உண்டு. எலிகளில் வென்று மனிதர்களில் தோற்ற அல்சைமர் மருந்துகளின் வரிசை மிக நீளமானது என்பதால், அந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

எனக்கு வியப்பளித்தது இந்தக் கதையின் வயது. புதிய கண்டுபிடிப்பாக இன்று விளம்பரப்படுத்தப்படும் இதே யோசனை, 1969ஆம் ஆண்டிலேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், நினைவாற்றல் குன்றிய 13 முதியவர்களை அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுத்ததாகவும், அவர்களுடைய நினைவுத் தேர்வு மதிப்பெண்கள் பெரிதும் உயர்ந்ததாகவும் அந்தக் கட்டுரை சொன்னது. பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். 1978இல் வெளியான ஓர் ஆய்வு, 82 முதியவர்களிடம் அழுத்தத்தில் ஆக்சிஜன், அழுத்தத்தில் சாதாரணக் காற்று, அழுத்தமின்றி ஆக்சிஜன், அழுத்தமின்றிச் சாதாரணக் காற்று என நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பயன் எதுவும் தென்படவில்லை. காணொளிகளில் 1969 எப்போதாவது இடம்பெறுகிறது. 1978 இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

அண்மைய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுபவை இஸ்ரேலின் ஷமீர் மருத்துவ மையத்தில் ஷாய் எஃப்ராத்தி தலைமையில் நடந்தவை. 2020இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 64 வயதைக் கடந்த 63 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் மூன்று மாதங்களில் 60 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், இரண்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றனர். கவனம், தகவலை வேகமாகக் கையாளும் திறன் போன்றவற்றில் முன்னேற்றம் பதிவானது. இரண்டு செய்திகளை இங்கே விட்டுவிடக் கூடாது. பங்கேற்றவர்கள் உடல்நலமுள்ள முதியவர்கள், மறதிநோயாளிகள் அல்லர். மற்றப் பிரிவினருக்கு, உண்மையானதைப் போலவே தோன்றும் போலிச் சிகிச்சைகூட அளிக்கப்படவில்லை. அவர்கள் வழக்கம்போல் வீட்டில் இருந்தார்கள். அதே ஆண்டில் 'முதுமை தலைகீழாகத் திரும்பியது' என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய டெலோமியர் (குரோமோசோம்களின் நுனிப்பகுதி) ஆய்வோ, 35 பேரின் இரத்த அணுக்களை அளந்தது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவே இல்லை. 2021இல் அக்குழு எலிகளில் கிடைத்த முடிவுகளோடு, நினைவு தளர்ந்த ஆறு முதியவர்களின் முடிவுகளையும் சேர்த்து வெளியிட்டது. அந்த ஆய்வாளர்களில் சிலருக்கு, இச்சிகிச்சையைக் கட்டணத்துக்கு வழங்கும் நிறுவனத்தோடு தொடர்பு இருப்பதை அவர்களே கட்டுரைகளில் அறிவித்திருக்கிறார்கள். அதனால் முடிவுகள் பொய்யாகிவிடா. ஆனால் வேறு யாராவது தனியாகச் செய்து அதே முடிவைப் பெற வேண்டிய தேவை கூடிவிடுகிறது.

இரத்தக் குழாய் அடைப்புகளால் வரும் டிமென்ஷியாவில் இச்சிகிச்சைக்குக் கூடுதல் நியாயம் இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2012இல் அதைத்தான் தேடினார்கள். அவர்கள் வகுத்த அளவுகோலுக்கு உட்பட்டுக் கிடைத்தது ஒரே ஓர் ஆய்வு. அதில் இருந்தவர்கள் 64 பேர். மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரை மட்டும் உண்டவர்களைவிட, மாத்திரையோடு அழுத்த ஆக்சிஜனும் பெற்றவர்கள் சற்று மேம்பட்டதாக அது சொன்னது. ஆனால் ஆய்வின் தரம் குறைவு என்றும், எந்த முடிவுக்கும் வரப் போதிய சான்று இல்லை என்றும் அவர்கள் எழுதி முடித்தார்கள். அதன் பிறகு சீனாவிலிருந்து, அல்சைமர் நோயாளிகளும் லேசான நினைவுக் குறைபாடு உள்ளவர்களும் பங்கேற்ற ஆய்வுகள் நம்பிக்கை தரும் மதிப்பெண்களோடு வந்திருக்கின்றன. அவற்றை நான் ஒதுக்கிவிடவில்லை. அவை, சரியாக வடிவமைத்த பெரிய ஆய்வு ஒன்றை நடத்தப் போதுமான காரணங்கள். ஒரு குடும்பம் தன் சேமிப்பைக் கரைப்பதற்குப் போதுமான காரணங்கள் அல்ல.

போலிச் சிகிச்சைக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். வேறொரு நோயில் இதற்கு மிகத் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. தலையில் அடிபட்டு, நீங்காத தொல்லைகளோடு இருந்த 72 அமெரிக்கப் படைவீரர்களை மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 40 அமர்வுகள் அழுத்த ஆக்சிஜன். இரண்டாம் பிரிவுக்கு அதே அறையில், காதில் அழுத்தம் உணரும் அளவுக்கு மட்டும் சற்றே ஏற்றப்பட்ட சாதாரணக் காற்று. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆக்சிஜன் பெற்றவர்கள் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட மேம்பட்டார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு மேம்பட்டார்கள். நடுப்பிரிவு இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருந்தால், ஆக்சிஜன் வென்றது என்றுதான் உலகம் படித்திருக்கும். நாள்தோறும் குளித்து, உடுத்தி, குறித்த நேரத்துக்கு ஓரிடத்துக்குப் போய், கனிவாகப் பேசும் பணியாளர்களோடு இரண்டு மணி நேரம் செலவிட்டு, நலம் பெறப்போகிறோம் என்ற எதிர்பார்ப்போடு திரும்புவது வீட்டிலேயே முடங்கியிருந்த ஒரு முதியவரை எவ்வளவு மாற்றும் என்பதைப் பராமரிப்பாளர்கள் அறிவார்கள். நினைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதும்போது மதிப்பெண் தானாகவே சிறிது கூடுவதும் இதில் சேரும்.

அழுத்த ஆக்சிஜனால் அறிவாற்றலைக் காக்கவே முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்பன் மோனாக்சைடு நச்சுக்குள்ளான 152 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்களுக்குப் பின் அறிவாற்றல் பாதிப்பு இருந்தவர்கள் அழுத்த ஆக்சிஜன் பெற்ற பிரிவில் 25 சதவீதம்; மற்றப் பிரிவில் 46 சதவீதம். அங்கே சிகிச்சை தொடங்கியது 24 மணி நேரத்துக்குள். திடீரென நேர்ந்த காயம், இன்னும் இறக்காத நரம்பணுக்கள், தெளிவாகத் தெரிந்த நச்சு. இருபது ஆண்டுகளாகச் சத்தமின்றி வளர்ந்த ஒரு நோயில் இவை மூன்றும் இப்படிச் சேர்ந்து அமைவதில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மென்மையான, ஊதிப் பெரிதாக்கும் அறைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் 1.3 மடங்கு அழுத்தத்தைத்தான் தாங்கும். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதை 1.3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 27 வருகிறது. அதாவது அந்த அறைக்குள் வெறும் காற்றைச் சுவாசிப்பவர், வெளியே 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பவருக்குச் சமம். மருத்துவமனையில் மூக்கில் வைக்கும் சாதாரணக் குழாயே இதைக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லும் விளம்பரத்தை நான் கண்டதில்லை.

ஆபத்துகளை 'லேசான காதுவலி' என்று சுருக்கிவிடுகிறார்கள். பொதுவாக உடல்நலத்தோடு இருப்பவருக்கு அது சரியாகவே இருக்கலாம். மறதிநோயாளியின் நிலை வேறு. அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், எச்சில் விழுங்க வேண்டும், வலித்தால் உடனே சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்ததை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுபவர் இதை எப்படிச் செய்வார்? வலியைச் சொல்லத் தெரியாமல் பதற்றப்படுவார்; அந்தப் பதற்றத்தை நோயின் குணமாகவே பிறர் எடுத்துக்கொள்வார்கள். மூடிய அறையின் அச்சமும் அப்படித்தான். முகமூடியைப் பிடுங்கி எறிந்தாலும், கதவை உடனே திறந்துவிட முடியாது. அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இவற்றோடு, நீரிழிவு உள்ளவர்களுக்கு அமர்வின்போது சர்க்கரை இறங்கலாம், கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடலாம், அரிதாக வலிப்பும் வரலாம். நுரையீரல் உறைக்குள் காற்று கசிந்திருப்பவர் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. ஆக்சிஜன் நிறைந்த அறையில் ஒரு பொறி போதும்: 1997இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அழுத்த அறை தீப்பற்றியதில் 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் இப்படியே உயிரிழந்தான்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் மக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், இச்சிகிச்சை பயன் தருவதாக நிறுவப்படாத நோய்களின் பட்டியலில் அல்சைமரும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எதுவும் அந்த நிலையை மாற்றும் அளவுக்கு வலுவாக இல்லை என்பதே என் கணிப்பு. போலிச் சிகிச்சைக் குழுவோடு, கட்டணம் வாங்காமல், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு நடக்கும் ஆய்வில் இடம் கிடைத்தால், அப்பாவின் விருப்பத்தையும் கேட்டுவிட்டு யோசிப்பேன். பணம் கட்டி 60 அமர்வுகளுக்கு அழைத்துப் போக மாட்டேன்.

இதைப் படித்த பின்னும் போக நினைப்பவர்கள், மையத்தில் உள்ளவர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: அறைக்குள் எத்தனை மடங்கு அழுத்தம், உள்ளே நோயாளியோடு பயிற்சி பெற்றவர் யாராவது இருப்பாரா, இவர்கள் காட்டும் முன்னேற்றம் எதனோடு ஒப்பிடப்பட்டது. மூன்றாவது கேள்விக்கு வேறொரு நோயாளியின் காணொளியே பதிலாக வந்தால், எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் வீட்டு நோயாளியின் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லையோ என்ற ஐயம் மட்டும் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால், அதைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. இரத்தசோகை, இதயத் தளர்ச்சி, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றைச் சாதாரணப் பரிசோதனைகளிலேயே காணலாம். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு சுரப்புக் குறைவும் மறதியைப் போலவே தோன்றக்கூடியவை. எல்லாவற்றிலும் அதிகம் தவறவிடப்படுவது உறக்கத்தில் மூச்சடைப்பு. உரத்த குறட்டை, நடுவே சில நொடிகள் மூச்சு நின்றுபோவது, பிறகு திணறி இழுப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவது ஆகியவை இருந்தால், ஓர் இரவு உறக்கப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் இரவுதோறும் பலமுறை இறங்கி ஏறுகிறது. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி அதைத் தடுக்கிறது. அந்த முகமூடிக்குப் பழகிக்கொள்ள நினைவு ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், நோய் முற்றும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.