சப்பாத்துப் பொம்மையைத் தேடி

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் செல்லும் இரவுப் பேருந்தில், குளிரூட்டி உண்டு என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் வாங்கியவர்கள் ஹபரணை வருமுன்னரே அதை நிறுத்திவிட்டார்கள். என் பயணப்பெட்டி ஓர் இருக்கையை அடைக்கிறதென்று அதற்கும் தனியாக ஒரு சீட்டு எழுதினார் நடத்துனர். விசாக் கட்டணமும் விமானச் சீட்டும் ஓர் ஆசிரியையின் சேமிப்பை ஏற்கெனவே துடைத்தெடுத்திருந்த நிலையில், லண்டனில் இருக்கும் அக்காவுக்கென்று கட்டிய கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் பேருந்துக் கட்டணம் செலுத்த நேர்ந்த ஆத்திரம், ஊர் திரும்பிய பின்னும் எனக்குத் தணியவில்லை.

லண்டனில் அக்கா காட்ட விரும்பிய இடங்கள் வேறு. ஒரு பவுண் 400 ரூபாவை ஒட்டி நிற்கும்போது, ஆற்றங்கரை இராட்டினத்தில் ஏறிச் சுற்றுவதற்கு எனக்கு மனமில்லை. நான் கேட்டது பெத்னல் கிரீனில் உள்ள யங் வி அன்ட் ஏ என்ற சிறுவர் அருங்காட்சியகம். நுழைவு இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன் இணையத்தளத்தில் நான் பெரிதாக்கிப் பார்த்திருந்த ஒரு பொம்மையின் படம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பமொன்றில் பழைய சப்பாத்து ஒன்றால் செய்யப்பட்டது அது. குதிப்பகுதிதான் முகம், அடித்தோல்தான் உடல், சுற்றியிருக்கும் கந்தல்தான் சட்டை. நாட்டார் வழக்குப் பொருட்களைச் சேகரித்த எட்வர்ட் லவெட் என்பவர் அதைக் குப்பையென்று எண்ணாமல் எடுத்து வைத்ததனால், 1673ஆம் ஆண்டைச் சேர்ந்த நியூரம்பெர்க் பொம்மை வீட்டைப் போன்ற செல்வர் வீட்டுப் பொருட்கள் அடங்கிய அதே சேகரிப்பில் அதற்கும் ஓரிடம் கிடைத்திருக்கிறது.

சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்தால் நடந்துபோகும் தூரந்தான். தென் கென்சிங்டனில் நின்ற இரும்புச் சட்டகத்தைக் கழற்றிக் கொண்டுவந்து எழுப்பிய இக்கட்டடம் 1872இல் திறக்கப்பட்டது. 1974இல் குழந்தைப்பருவத்துக்கான அருங்காட்சியகமாகி, பெரும் புதுப்பித்தலுக்குப் பின் 2023 ஜூலையில் இன்றைய பெயருடன் மீண்டும் திறந்தது. மீன் செதில் வடிவில் பதித்த பளிங்குத் தரையை எல்லோரும் மிதித்துக்கொண்டே போகிறார்கள். அதைச் செய்தவர்கள் வோக்கிங் சிறையின் பெண் கைதிகள் என்று அறிந்திருந்ததால், குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிறு சிறு சில்லுகள், ஒவ்வொன்றும் கையால் பதித்தவை.

விளையாட்டுக் கூடத்தில் மைன்கிராப்ட் என்ற கணினி விளையாட்டின் திரையை விட்டு என் பெறாமகளை நகர்த்துவதே பெரும்பாடாயிற்று. ஆனால் ரேச்சல் வைட்ரீட் என்னும் சிற்பி உருவாக்கிய பொம்மை வீட்டுக் கிராமத்தின் முன் அவளே நின்றுவிட்டாள். இருட்டில் ஏறத்தாழ 150 பழைய பொம்மை வீடுகள் குன்றுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா யன்னல்களிலும் வெளிச்சம். உள்ளே தளபாடமும் இல்லை, பொம்மையும் இல்லை. "சின்னம்மா, இந்த வீட்டுச் சனமெல்லாம் எங்க?" என்று கேட்டாள். இடம்பெயர்ந்த ஊர்களைக் கண்டு வளர்ந்த எனக்கு உடனே பதில் வரவில்லை.

சிற்றுண்டிச்சாலையின் விலைகள் அநியாயம். அக்கா கட்டித்தந்த புளிச்சோற்றை வெளியே வாங்கில் அமர்ந்து உண்டோம். அந்தக் குளிரில் அதைவிடச் சுவையான உணவை அந்நகரில் நான் உண்ணவில்லை. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5.45க்கு மூடுகிறார்கள், ஆகவே போகிறவர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

சப்பாத்துப் பொம்மைக்கு அங்கே இடமுண்டென்றால், நுங்குக் கோம்பையில் நாம் உருட்டிய வண்டிக்கு இங்கே ஏன் இடமில்லை? திருகோணமலையில் கடற்படை வரலாற்றுக்கு ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கொக்கான் கற்களுக்கும், கிட்டிப்புள்ளுக்கும், போளைகளுக்கும் ஓர் அலுமாரிகூட இல்லை. கிளித்தட்டுக் கோட்டை எப்படிக் கீறுவதென்று என் வகுப்பில் கேட்டபோது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. உவர்மலையிலோ உப்புவெளியிலோ உங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழிப் பலகை கிடந்தால் விறகாக்கிவிடாதீர்கள். அதில் யார் விளையாடினார்கள், யார் செய்து கொடுத்தார்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதி, படத்துடன் எனக்கு அனுப்புங்கள். எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.