அஷிமாவுக்கு நீலம்: ஜூன் விடுமுறை நாட்குறிப்பு

31 மே 2025, சனி

சிங்கப்பூரில் செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கேட் பக்கம் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு வீட்டின் மொத்தப் பொம்மை ரயில் சரக்கு, எல்லாம் முகம் வைத்த எஞ்சின்கள் பேசும் 'தாமஸ்' தொலைக்காட்சித் தொடரின் வண்டிகள். தாமஸ், பெர்சி, மூக்கில் சாயம் தேய்ந்த ஜேம்ஸ், கொக்கி ஒடிந்த சரக்குப் பெட்டிகள், வெயிலில் வெளுத்த நாலு பயணிப் பெட்டிகள். எனக்கு வேண்டியது அடியில் கிடந்தது: அஷிமா. அதுவும் இரண்டு!

ஒன்று கிட்டத்தட்ட புதிது. இன்னொன்றில் ஓட்டுநர் அறையின் கூரை விரிந்திருக்கிறது, இளஞ்சிவப்பு வெளிறிவிட்டது, பேட்டரி கசிந்து அடிப்பக்கமெல்லாம் வெள்ளைப் பொடி.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அஷிமா 2016இல் வந்த 'தி கிரேட் ரேஸ்' என்ற தாமஸ் படத்தில் அறிமுகமான இந்திய எஞ்சின். பல நாட்டு எஞ்சின்கள் கூடும் கண்காட்சிக்கு வருவாள். உடம்பெல்லாம் பூவும் கோலமுமாக இருக்கும். அவளுக்கு அடிப்படை நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறதே, அதேதான். அம்மா பிறந்த ஊர் மேட்டுப்பாளையம். இத்தனை வருடம் தாமஸ் வண்டிகள் சேர்க்கிறேன், இவளைப் போல வேறெந்த எஞ்சினையும் நான் தேடியதில்லை.

2 ஜூன், திங்கள்

அண்ணன் மகன் விடுமுறைக்கு ஈசூனில் எங்களோடுதான் இருக்கிறான். காலையில் பழைய அஷிமாவைக் கழற்றினோம். அடியில் இருக்கும் திருகுகளை எடுத்தால் மேல்கூடு தனியாக வந்துவிடும்.

கசிவைக் கையாள ஒரு முறை உண்டு. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம், அதை அமிலம் முறிக்கும். வெள்ளை வினிகரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் தகட்டின்மேல் வைத்ததும் மெல்ல நுரைத்தது. பையன் கண் இமைக்காமல் பார்த்தான். (முதலில் கையுறை. அவனுக்கும் ஒரு ஜோடி.) பிறகு தகட்டை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தண்ணீர்த் துணியால் துடைத்து, காயவிட்டோம். தகடு அரித்துப் போகவில்லை. புதிதாக இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போட்டதும் மோட்டார் முனகியது, அப்புறம் சுற்றியது.

பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் முடியும் தூசியுமாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி வைத்தேன். பெட்ரோலியக் கிரீஸ் சில பிளாஸ்டிக்குகளை நாளடைவில் விரிய வைக்கும் என்பதால் அதை நான் தொடுவதே இல்லை.

5 ஜூன், வியாழன்

சேகரிக்கும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். அவர் அலமாரியில் உள்ள வண்டிகள் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே கிடையாது. நான் மேல்கூட்டுக்கு வேறு வண்ணம் அடிக்கப்போகிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "ஒரிஜினலைத் தொட்டா மதிப்பே போச்சு" என்றார்.

இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. தாமஸ் எங்கிருந்து வந்தான் என்று பார்த்தாலே போதும். 1943இல் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார், தட்டம்மையில் படுத்திருந்த மகன் கிறிஸ்டோஃபருக்குச் சொன்ன கதைகள்தான் தொடக்கம். முதல் புத்தகம் 1945இல் வந்தது, அதில் தாமஸ் கிடையாது. மகனுக்கு விளையாட ஆட்ரி மரத்துண்டுகளைச் செதுக்கி ஒட்டி ஒரு சிறு எஞ்சின் செய்து கொடுத்தார். அந்தப் பொம்மைதான் தாமஸ். 1946இல் புத்தகத்தில் ஏறினான். அதாவது வீட்டில் கையால் செய்த பொம்மை முதலில், கதை அதற்குப் பிறகு, தொலைக்காட்சியெல்லாம் 1984இல். அப்பன் பிள்ளைக்குச் செய்து கொடுத்த வண்டியின் வழிவந்தவற்றைக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதுதான் மதிப்பு என்றால் என் மனம் ஏற்காது.

தொலைக்காட்சித் தொடரும் நெடுநாள் அப்படித்தான் நடந்தது. கணினி வரைகலை வருவதற்கு முன் எல்லாமே நிஜ மாதிரி வண்டிகள். கேஜ் 1 என்ற மாதிரி ரயில் அளவு, நிஜத்தில் 32இல் ஒரு பங்கு. உள்ளே மெர்க்லின் என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் அடிச்சட்டம், மேலே கையால் கட்டிய உடம்பு. கண்களை ரேடியோவால் அசைத்தார்கள், முகத்தைக் காட்சிக்குக் காட்சி கழற்றி மாற்றினார்கள். கடையில் கிடைக்கும் அடிச்சட்டத்தை எடுத்துத் தங்களுக்கு வேண்டியதை அதன்மேல் கட்டிக்கொண்டார்கள். நான் செய்வதும் வேறில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

7 ஜூன், சனி (ஹரி ராயா ஹாஜி, பக்ரீத்)

மேல்வீட்டிலிருந்து ரெண்டாங் இறைச்சிக் கறி வந்தது. மதியம் முழுக்க ஒரே விவாதம்.

பையன்: "அத்தை, பிங்க் போயிட்டா அவ அஷிமாவே இல்ல."

அவன் சொல்வது சரிதான். அந்த இளஞ்சிவப்பும் கோலமும் தாமஸ் படம் அவளுக்குக் கொடுத்த உடம்பு. பிள்ளைகள் அவளை அதை வைத்துத்தான் அறிவார்கள். ஆனால் குன்னூரில் நிற்கிற எஞ்சின் நீலம். இரண்டும் எனக்கு வேண்டும். ஆகவே முடிவு: நல்ல அஷிமா அப்படியே இருப்பாள், ஓடவும் செய்வாள். உடைந்தவள்தான் நீலமாகப் போகிறாள். நீலத்திலும் முகம் இருக்கும், ஓட்டுநர் அறைப் பக்கம் ஒரு கோலப் பட்டை மட்டும் விட்டுவைப்பேன். அக்கா தங்கை என்று பையன் தீர்ப்புச் சொன்னான்.

8 ஜூன், ஞாயிறு

பழைய சாயத்தை எடுத்தோம். 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மூடிபோட்ட டப்பா, சன்னல் முழுக்கத் திறந்து. முதலில் கூட்டின் உள்பக்கம் ஒரு துளி தடவிச் சோதித்தேன், பிளாஸ்டிக் மங்கவில்லை. முகத்தைக் கழற்றித் தனியே வைத்தாயிற்று. முகத்தை மட்டும் யாரும் கரைசலில் போடாதீர்கள். கண்ணும் புருவமும் அச்சிட்டவை, ஒருமுறை போனால் போனதுதான்.

11 ஜூன், புதன்

விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்துப் பெருமழை. இன்றைக்கு வண்ண வேலை கிடையாது. இந்த ஊர் ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெண்மூட்டமாகப் படியும். அதோடு தாழ்வாரத்தில் ஸ்ப்ரே நாற்றம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. நான் தூரிகையும் அக்ரிலிக்கும்தான். தண்ணீராகக் கலந்து, மெல்லிய பூச்சாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

மழைக்கு உள்ளே உட்கார்ந்து சிலிண்டர் (நீராவியால் சக்கரத்தை ஓட்டும் உருளை) செய்தோம். நிஜ எக்ஸ் வகையின் அழகே அதன் விலாப்புறம்தான். ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர். ஒரு ஜோடி தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களை ஓட்டும், மறு ஜோடி, தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வெட்டிய இரும்புப் பட்டையான பற்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரத்தை ஓட்டும். சரிவு தொடங்கியதும் முதல் ஜோடியில் வேலை பார்த்துவிட்டு வரும் நீராவியை இரண்டாவது ஜோடிக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரே ஆவியில் இரண்டு வேலை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் போட்ட கணக்கு இது, நூறு வருடத்துக்கு மேலாக நம் மலையில் நடக்கிறது. இந்த இரட்டைச் சிலிண்டர் தெரியாவிட்டால் அது நீலகிரி எஞ்சினே ஆகாது என்பது என் கட்சி. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்களின் உடலை வெட்டி, முனையில் பிளாஸ்டிக் வட்டம் ஒட்டி, விலாவில் அடுக்கினோம். சக்கரத்தில் உரசவில்லை.

14 ஜூன், சனி

முதல் நீலப் பூச்சு. எந்த நீலம் என்பதுதான் பெரிய பாடு. பத்துப் படம் பார்த்தால் பத்து நீலம். மூட்டத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று, எண்ணெய்க் கசடு படிந்து ஒன்று. அம்மாவிடம் அட்டையில் தீற்றிக் காட்டினேன். கொஞ்சம் கருப்புச் சேர்த்ததைத் தொட்டு, "இது" என்றார். அவர் பார்த்த நாளில் அது எந்த நிறமோ, நான் வாதாடவில்லை. பெட்டிகளுக்கு நீலமும் கிரீமும், அதில் குழப்பமில்லை.

16 ஜூன், திங்கள்

காலையில் புக்கிட் தீமா. பையனுக்கு மீட்டர் கேஜ் தண்டவாளம் என்றால் எவ்வளவு அகலம் என்று கண்ணால் காட்ட வேண்டும். தஞ்சோங் பகாருக்கு ரயில் வந்தது 2011 ஜூன் 30 வரைதான், அத்தோடு நகருக்குள் மலேசிய ரயில் நின்றது. பாதையில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டார்கள். புக்கிட் தீமா பழைய நிலையத்தில் தண்டவாளம் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இரும்புப் பாலமும் நிற்கிறது. 1,000 மில்லிமீட்டர். நீலகிரியிலும் அதே அகலம்தான். பையன் இரண்டு தண்டவாளத்திலும் ஒவ்வொரு கால் வைத்து நின்றான். "இவ்ளோ சின்னதுலயா மலை ஏறும்?" என்றான். ஏறும்.

19 ஜூன், வியாழன்

அம்மா கூடத்துக்கு வந்து பார்த்தார். பையன் நீல எஞ்சினை முன்னால் வைத்துப் பெட்டிகளைப் பின்னால் மாட்டியிருந்தான்.

"எஞ்சினை எதுக்குக் கண்ணு முன்னாடி கட்டறே? மலை ஏறறப்போ பின்னாலருந்துதான் தள்ளும்."

படிக்கும்போது பல தடவை கடந்துபோன செய்திதான். அம்மா சொன்னதும் வண்டியே வேறு வண்டியாகிவிட்டது. சரிவில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் சாயும், பள்ளத்தாக்கை நோக்கி ஓடாது.

ஆனால் பொம்மை ரயில் இழுப்பதற்காகச் செய்தது. தள்ளினால் கொக்கிகள் தளர்ந்து, வளைவில் முதல் பெட்டி மூக்கை வெளியே நீட்டி, சக்கரம் எழும்பிவிடுகிறது. இன்றைக்கு இரவு முழுக்க அதே யோசனை.

21 ஜூன், சனி

தள்ளும் ரயில் சரியாகிவிட்டது. கொக்கிகளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய கட்டைக் கம்பி, இரு முனையிலும் ஆணித் துளை. இரண்டு பெட்டிக்கும் இடைவெளி மாறாது, மடங்கவும் மடங்காது. முதல் பெட்டியின் தரையில் இரும்பு வாஷர்கள் ஒட்டினேன். எடை எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூண்டில் ஈயக்குண்டு இன்னும் கனம், ஆனால் பிள்ளை கைபடும் பொருளில் ஈயம் வேண்டாம். இடம்வலமாக வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் நடுவே ஒரு நேர்த்துண்டு போட்டதும் கடைசித் தடுமாற்றமும் நின்றது.

24 ஜூன், செவ்வாய்

சரிவு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டப் பாதை. அதிகபட்ச ஏற்றம் 12க்கு 1. கூடத்தில் கணக்குப் போட்டால் ஒரு மீட்டருக்கு 8.3 சென்டிமீட்டர். பள்ளிப் புத்தகங்களை அடுக்கித் தாங்கு கொடுத்தோம். பழைய ரப்பர் வளையம் கல்லாக இறுகி இருந்ததால் சக்கரம் வழுக்கியது. பலூனிலிருந்து மெல்லிய வளையம் வெட்டி மாட்டியதும் பிடித்துக்கொண்டது.

பற்சட்டத்துக்கு கேபிள் டை, மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. அதன் பற்கள் இருக்கிற நேர்த்தியைப் பாருங்கள்! நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை: இரண்டு பற்சட்டங்கள் பக்கம் பக்கமாக, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிவைத்திருப்பார்கள். ஏதாவது ஒரு பல் எப்போதும் கவ்விக்கொண்டே இருக்கும். நாங்களும் இரண்டு டையை அரைப் பல் தள்ளி, தண்டவாளத்தின் நடுவே ஒட்டினோம். எஞ்சினின் அடிவயிறு தட்டவில்லை. இது பார்வைக்கு மட்டும்தான், வேலை செய்வது பலூன் வளையம். இருந்தாலும் குனிந்து பார்த்தால் மனம் நிறைகிறது.

27 ஜூன், வெள்ளி

ஒன்று சொல்லியாக வேண்டும். தாமஸின் மூலம் இங்கிலாந்தின் ஈ2 வகை. 1913 முதல் 1916 வரை மொத்தம் பத்து எஞ்சின் கட்டினார்கள். 1963க்குள் பத்தும் ஓய்வு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலகப் புகழ்பெற்ற தாமஸுக்கு இன்று தொட்டுப் பார்க்க ஒரு மூலம் கிடையாது. அஷிமாவின் உறவுகளோ இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த நூற்றாண்டிலும் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அவற்றைப் போலவே புதிய நீராவி எஞ்சின்கள் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர் கட்டுகிற எஞ்சின். இதைப் பையனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

28 ஜூன், சனி

இன்று இரண்டு அஷிமாவும் ஓடினார்கள். இளஞ்சிவப்பு கீழே வட்டப்பாதையில் சரக்கு இழுத்தாள். நீலம் மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறினாள், மெதுவாக, நிற்காமல். அண்ணனும் அண்ணியும் பையனைக் கூட்டிப்போக வந்தவர்கள் சாப்பாட்டை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சேகரிக்கும் நண்பருக்குக் காணொளி அனுப்பினேன். அந்தச் சிலிண்டர் எதில் செய்தது என்று கேட்டு உடனே பதில் வந்தது.

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் பிரேக் பிடிக்கிற ஆள் நிற்பாராம், கையில் கொடியோடு. உண்மைதான், எல்லாப் பெட்டிக்கும் ஒருவர் உண்டு. பெட்டி முகப்பில் மேடைக்கு இடம் விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன், ஆள்தான் இல்லை. பையன் பள்ளி திறந்த பிறகும் சனிக்கிழமைகளில் வருவதாகச் சொல்லிவிட்டு, கொடிகளுக்குத் துணி கேட்டு வாங்கிப் போனான். பச்சையும் சிவப்பும்.