0.6 இலிருந்து 2.5 வரை

பாய்லர்களுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மாற்றம் வரும், சோதிப்பேன், கையெழுத்திடுவேன். பாய்லரின் முன் நிற்கும் ஆபரேட்டருக்கு அது தெரியுமா என்று பல ஆண்டுகள் நான் கேட்டதில்லை. அது வேறு பிரிவின் பொறுப்பு என்றிருந்தேன்.

போயிங் 737 மேக்ஸ் விபத்துகளைப் பற்றிப் படித்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. 2018 அக்டோபரில் ஜாவா கடலில் 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். இரண்டிலும் விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை ஒரே ஒரு சென்சார் தவறாகக் காட்ட, அதை நம்பி எம்காஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது.

முதல் வடிவமைப்பில் எம்காஸ் ஒரு முறைக்கு வால் பகுதியின் கிடைத்தளத்தை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் சிறு இறக்கையை, 0.6 டிகிரிதான் நகர்த்தும். பறப்புச் சோதனைகளுக்குப் பின் அது 2.5 ஆனது. நான்கு மடங்குக்கும் மேல்! ஒழுங்குமுறை அதிகாரிகள் பலருக்கே இதன் முழு விவரம் போய்ச் சேரவில்லை. விமானிகளின் கையேட்டில் எம்காஸ் பற்றிய விளக்கமே இல்லை. பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கணினிப் பாடம் போதும், சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம் என்பது விற்பனைக்கான வாக்குறுதி.

விமானிகளின் திறமைக் குறைவு என்று சிலர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. முதல் விபத்துக்குப் பின் போயிங் அனுப்பிய அறிவிப்பில் சொன்னபடி எத்தியோப்பிய விமானிகள் கிடைத்தளத்தை நகர்த்தும் மின்விசையைத் துண்டித்தார்கள். ஆனால் அந்த வேகத்தில், அதைக் கையால் நகர்த்துவதற்கான சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. புறப்பட்டதிலிருந்து விழுந்தது வரை ஆறு நிமிடங்கள். காகிதத்தில் படித்ததைக் கை பழகியிருக்க வேண்டாமா? 2020 நவம்பரில் விமானம் மீண்டும் பறக்க அனுமதி பெற்றபோது, எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிட வேண்டும், சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம் என்று ஆக்கினார்கள். 346 பேர் போன பிறகு.

இதையெல்லாம் படித்தபின் ஒருநாள் ஒரு பாய்லர் அறைக்குப் போனேன். நீர்மட்ட எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கும் தாமதத்தை 5 விநாடியிலிருந்து 15 ஆக்கிய மாற்றத்தில் என் கையெழுத்து இருந்தது. ஆபரேட்டரிடம் சொன்னேன்.

"அப்படியா சார்? உடனே சத்தம் வரவில்லையே என்று மணி பழுது என எழுதிவைத்திருக்கிறோம்" என்று பதிவேட்டைக் காட்டினார். மூன்று ஷிப்டிலும் அதே வரி.

இப்போது என் சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "இயக்குபவரிடம் யார், எப்போது சொன்னார்?" அது காலியாக இருந்தால் நான் கையெழுத்திடுவதில்லை.