கைப்பிடியிலிருந்து பட்டனுக்கு: ஐந்து டிகிரியில் இருந்த கோளாறு

நேற்று பட்டனை அழுத்தினேன், இரண்டே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒன்றரை மாதமாகக் காத்திருந்தது இந்தச் சத்தத்துக்குத்தான்.

எஞ்சின் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல். டைரக்ட் இன்ஜெக்ஷன், கம்ப்ரஷன் ரேஷியோ 18 (உள்ளே வரும் காற்று பதினெட்டில் ஒரு பங்காக நசுங்கும்), கைப்பிடி மாட்டிச் சுற்றும் வகை. சில மாதங்களுக்கு முன் சிலிண்டருக்கு டீசல் தள்ளும் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். அப்புறம் ஒருநாள் சுற்றும்போது கைப்பிடி திருப்பி அடித்தது. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பது என் வழக்கம் என்பதால் மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. கார்களில் இந்த ஆபத்தைப் போக்க சார்லஸ் கெட்டரிங் செய்த ஸ்டார்ட்டர் 1912-லேயே கேடிலாக்கில் வந்துவிட்டது. நான் மட்டும் ஏன் இன்னும் கையால் சுற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் வேலை ரிங் கியர், அதாவது எஞ்சினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் மாட்டும் பல் வளையம். ஃப்ளைவீலின் உள்பக்க விளிம்பில் லேத்தில் ஒரு படி கடைந்து, 108 பல் ரிங்கைச் சூடாக்கி இறக்கினேன். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் தெரிந்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். நீலம் ஏறினால் பல்லின் கடினம் போய்விடும். ரிங் தானாக நழுவி உட்கார்ந்தது, ஆறியதும் அசைக்க முடியவில்லை. அதைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனில் 9 பல். அதாவது மோட்டார் 12 சுற்று சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று.

முதல் முயற்சியில் ஏமாற்றம்தான். எஞ்சின் முனகிக்கொண்டு சுற்றியது, சைலன்சரில் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். எரியாத டீசல் ஆவியாகி வெளியே போவதுதான் அந்தப் புகை. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் காற்று சூடாகித்தான் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியும், சூட்டை சிலிண்டர் சுவரும் குடித்துவிடும். டீசலை நிறுத்திவைத்துச் சுற்றவிட்டு, ஃப்ளைவீலில் சாக்பீஸ் கோடு போட்டு ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தேன். நிமிடத்துக்கு 110 சுற்றுதான். அதிலும் கம்ப்ரஷன் வரும்போது கோடு கிட்டத்தட்ட நின்றே போகிறது.

பேட்டரி வீக் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுற்றும்போது பேட்டரி முனையில் 10.9 வோல்ட் இருந்தது, ஸ்டார்ட்டரில் வெறும் 8.7. நடுவில் 2.2 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துப் பட்டனை அழுத்தினால் 1.5 வோல்ட் காட்டியது. எர்த் கேபிளின் முனையிலுள்ள லக்கை பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன். கிளாம்ப் மீட்டரில் 180 ஆம்பியர். கணக்குப் போட்டால் அந்த ஜாயின்டின் ரெசிஸ்டன்ஸ் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்சில் இது பூஜ்யமாகத்தான் தெரியும். அதனால் இந்தச் சோதனையைக் கரன்ட் ஓடும்போதுதான் செய்ய வேண்டும். இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி முடுக்கினேன், பாசிட்டிவுக்குத் தடித்த கேபிள் போட்டேன். ஸ்டார்ட்டரில் 10.1 வோல்ட், வேகம் 210.

சரி, இனி ஸ்டார்ட் ஆகிவிடும் என்று டீசலைத் திறந்து அழுத்தினேன். 'டங்' என்று ஒரு சத்தம், ஃப்ளைவீல் ஒரு கணம் பின்னால் திரும்பியது. மணிக்கட்டில் வாங்கிய அதே அடி, இப்போது பினியனுக்கு விழுந்தது.

பம்ப் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு சுற்று மீதமிருக்கும்போது பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குகிறது என்பது, டிகிரியில் இருக்கிறது. ஆனால் டீசல் பற்றுவது மில்லி செகண்ட் கணக்கில். 1500 சுற்றில் ஓடும்போது 20 டிகிரியைக் கடக்க 2.2 மில்லி செகண்ட்தான். 210 சுற்றில் அதே 20 டிகிரிக்கு 16 மில்லி செகண்ட் ஆகிறது. டீசல் சீக்கிரம் உள்ளே விழுந்தால், பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே பற்றி அதைக் கீழே தள்ள நேரம் தாராளமாக இருக்கிறது. 110 சுற்றில் பற்றவே இல்லை, அதனால்தான் அடி விழவில்லை. வேகம் கூடியதும் பழைய கோளாறு வெளியே வந்தது.

டைமிங் பார்க்க முதலில் டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், சரியாகத் தெரிய வேண்டும். உச்சியில் பிஸ்டன் கொஞ்ச நேரம் அசையாதது போல நிற்பதால் நேராகப் பார்த்துக் குறிக்க முடியாது. இன்ஜெக்டரைக் கழற்றி மெல்லிய பித்தளைக் கம்பியைப் பிஸ்டன் மேல் நிறுத்தி, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே உயரம் வரும் இரண்டு இடங்களைக் குறித்து நடுவை எடுத்தேன். ஃப்ளைவீல் விட்டம் 350 மி.மீ., அதனால் விளிம்பில் ஒரு டிகிரி 3.05 மி.மீ.

அப்புறம் பம்பிலிருந்து ஹை பிரஷர் பைப்பைக் கழற்றினேன். லீவரை ஓடும் நிலையில் வைத்து, டெலிவரி வாயில் டீசல் வரும்வரை சுற்றி, மேலே நின்றதை ஊதிவிட்டேன். உள்ளே ஒரு சின்னக் குழியாக டீசல் நின்றது, அதில் டார்ச் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மயிரிழையாக நகர்த்த வேண்டும், பின்னால் திருப்பினால் கியர் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். அந்த ஒளிப்புள்ளி நடுங்குகிற கணம்தான் பம்ப் தள்ளத் தொடங்கும் கணம். டி.டி.சி.யிலிருந்து அளந்தேன்: 76 மி.மீ. கிட்டத்தட்ட 25 டிகிரி. இந்த எஞ்சினுக்கு வேண்டியது 20.

பம்பை எடுத்துப் பார்த்தால் அடியில் உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு, அதாவது ஷிம், ஒன்றுதான் இருந்தது, இருக்க வேண்டியது இரண்டு. முன்பு சுத்தம் செய்தபோது விட்டுப்போன 0.5 மி.மீ. தகடு, டப்பாவின் அடியில் எண்ணெய்யோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷிம் குறைந்தால் பம்ப் தன்னை இயக்கும் கேமை நெருங்கும், டீசலைத் தள்ளும் பிளஞ்சர் டீசல் வரும் துளையைச் சீக்கிரம் மூடும், டைமிங் முன்னால் போகும். கைப்பிடி அடித்ததும் இதனால்தான். தகடைப் போட்டு மீண்டும் அளந்தேன், 61 மி.மீ. வந்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்றிலும் அதே இடம்தான்.

பைப்பை மாட்டி, அதில் நின்ற காற்றை வெளியேற்றி, பட்டனை அழுத்தியபோதுதான் எஞ்சின் பிடித்தது. ஓடும்போது இருந்த அந்தக் கடினமான தட்டலும் குறைந்துவிட்டது, இவ்வளவு நாளும் அது எஞ்சினின் குணம் என்றே நினைத்திருந்தேன். ரிங் கியரில் இரண்டு பல்லின் ஓரம் 'டங்' அடியில் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. அதை அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும், பினியனையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.