99.5இலிருந்து 99.2க்கு: மெக்சிகோ சர்க்கரை வழக்கு

மலிவு விலை இறக்குமதி குறித்த அரசு விசாரணை என்றால் முடிவில் ஒரு வரி விழும் என்றே நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்கா மெக்சிகோவின் சர்க்கரை மீது நடத்திய விசாரணையின் ஆவணங்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அங்கே வரி விகிதங்கள் தசம எண் வரை கணக்கிடப்பட்டன. ஆனால் உண்மையில் தீர்மானிக்கப்பட்டது, எந்தச் சர்க்கரை யாருடைய ஆலைக்குப் போக வேண்டும் என்பதுதான்.

வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2008 ஜனவரி 1 முதல் மெக்சிகோ சர்க்கரை வரியோ அளவு வரம்போ இன்றி அமெரிக்காவுக்குள் வந்தது. 2013இல் அமெரிக்கச் சந்தையில் விலை சரிந்தது. அங்கே அரசு, சர்க்கரையை அடமானமாக ஏற்று ஆலைகளுக்குக் கடன் கொடுக்கிறது. கச்சாச் சர்க்கரைக்கு அப்போதைய கடன் விகிதம் பவுண்டுக்கு 18.75 சென்ட். விலை அதற்குக் கீழே இறங்கினால், கடனைத் திருப்பிச் செலுத்தாமல் சர்க்கரையையே அரசிடம் விட்டுவிடலாம். அந்த ஆண்டு ஆலைகள் சில அப்படித்தான் செய்தன. கைக்கு வந்த சர்க்கரையை அரசு நட்டத்தில் எத்தனால் தயாரிப்பாளர்களுக்கு விற்றது. 2014 மார்ச் 28 அன்று மெக்சிகோவின் மானியத்தையும் குறைவிலை விற்பனையையும் எதிர்த்து மனுக் கொடுத்த அமெரிக்கச் சர்க்கரைத் தயாரிப்பாளர்கள் இந்த ஏற்பாட்டின் நிழலில் இருந்தவர்களே என்பதை மறந்துவிட்டு வழக்கைப் படிக்க என்னால் முடியவில்லை.

விசாரணை இரண்டு கிளைகளாக நடந்தது. நியாய விலைக்குக் கீழே விற்கப்படுகிறதா, அரசு மானியம் கிடைக்கிறதா என்பதை வர்த்தகத் துறை பார்க்கும். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு உண்டா என்பதைச் சர்வதேச வர்த்தக ஆணையம் தனியாகப் பார்க்கும். இரண்டுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால்தான் வரி விதிக்க முடியும். மானியம் பற்றிய கேள்வி மெக்சிகோவுக்குச் சங்கடமானது. 2001இல் அந்நாட்டு அரசு 27 சர்க்கரை ஆலைகளைக் கையகப்படுத்தியிருந்தது, வழக்கு வந்தபோதும் அவற்றில் சில அரசின் கையிலேயே இருந்தன. இறுதிக் கணக்கில் அந்த அரசு ஆலைகளுக்கான மானிய எதிர்ப்பு வரி விகிதம் 43.93 விழுக்காடு, விசாரிக்கப்பட்ட தனியார் குழுமத்துக்கு 5.78 மட்டுமே. குறைவிலை விற்பனைக்கான விகிதங்களோ 40.48, 42.14 என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

ஆனால் இந்த வரி எதுவும் வசூலிக்கப்படவில்லை. 2014 டிசம்பர் 19 அன்றே இரு தரப்பும், விசாரணையை நிறுத்திவைக்கும் இரண்டு 'இடைநிறுத்த உடன்பாடுகளில்' கையெழுத்திட்டிருந்தன. ஒன்று குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது: சுத்திகரித்த சர்க்கரைக்குப் பவுண்டுக்கு 26 சென்ட், மற்றவற்றுக்கு 22.25 சென்ட். மற்றொன்று, அமெரிக்காவின் தேவையைக் கணக்கிட்டு அதற்கேற்ப ஏற்றுமதி அளவைக் கட்டுப்படுத்தியது. அதில் சுத்திகரித்த சர்க்கரை 53 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. சொந்தமாகக் கரும்பு விளைவிக்காமல் கச்சாச் சர்க்கரையை வாங்கியே ஓடும் இரண்டு அமெரிக்கச் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் உடன்பாட்டுக்குப் பிறகும் விசாரணை 2015இல் இறுதி வரை நடந்தது. மேலே சொன்ன விகிதங்கள் அதில் வந்தவையே.

அவர்களுடைய குறை ஓர் எண்ணில் அடங்கியிருந்தது. சர்க்கரைக் கரைசல் வழியாக ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தி, அந்தத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத் தூய்மையை அளப்பார்கள். ஆலைக்காரர்கள் இதைப் 'போல்' என்பார்கள், தூய சுக்ரோஸுக்கு அது 100. உடன்பாட்டின்படி 99.5 போலும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது சுத்திகரித்த சர்க்கரை. இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மெக்சிகோ சர்க்கரை, காகிதத்தில் 'மற்றவை' என்ற மலிவான இனத்தில் சேரும். ஆனால் கரைத்து வடிகட்டித் திரவச் சர்க்கரையாக்கி உணவுத் தயாரிப்பாளருக்கு விற்கும் அளவுக்கு அது தூய்மையானது. பெரிய சுத்திகரிப்பு ஆலையின் வாசலை மிதிக்கவே வேண்டியதில்லை. கப்பலுக்குக் காத்திருந்த அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் கச்சாச் சரக்கு போதவில்லை என்று முறையிட்டன.

2017 ஜூனில் உடன்பாடு திருத்தப்பட்டது. கோடு 99.2க்கு இறங்கியது; 'மற்றவை' என்று வருவது மூட்டையில் இல்லாமல், கடல் கப்பலில் தளர்வாகக் கொட்டி வர வேண்டும் என்றானது. சுத்திகரித்ததன் பங்கு 30 விழுக்காடாகச் சுருங்கியது, விலைகள் 28, 23 சென்ட்டாக உயர்ந்தன. 0.3 போல் வித்தியாசத்தை நாவால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு திரவச் சர்க்கரை நிறுவனத்துக்கோ அது மூலப்பொருளின் வழியையே அடைத்தது. அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2019 அக்டோபரில் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. காரணம் போல் அளவும் அல்ல, விலையும் அல்ல: பேச்சுவார்த்தைக் காலத்தில் வெளியாருடன் நடந்த சந்திப்புகளை வர்த்தகத் துறை சட்டப்படி பதிவு செய்து வைக்கவில்லை. துறை நடைமுறையைச் சரிசெய்து, 2020 ஜனவரியில் திருத்தத்தை மீண்டும் கையெழுத்திட்டது. 99.2 அப்படியே இருந்தது.